ஐம்பது என்று ஒரு பலகை

ஜூலை 3, திங்கள்

கலெக்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் என்னை வெளி உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்களாம். வேறு யாரோ ஓர் அருமைநாயகத்துக்கு வர வேண்டியது இங்கே வந்துவிட்டதோ என்று முகவரியை மறுபடியும் பார்த்தேன். 'புள்ளியியல் பேராசிரியர் (ஓய்வு)' என்பது வரை சரியாகத்தான் இருந்தது.

மாலையில் வளர்மதி ஃபோன் செய்தாள். பொறியியல் கல்லூரியில் என்னிடம் படித்தவள், இன்று நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளர். என் பெயரைச் சொன்னது அவள்தான். நம் ஊர்ப் புறவழிச்சாலையில் நல்லமுத்தன்பட்டிக்குப் பிரியும் விலக்கு இருக்கிறதல்லவா, அங்கே சாலை திறந்த நாளிலிருந்து ஒன்பது பேர் செத்துப்போயிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரு வண்டியும் போகக் கூடாது என்கிறார்கள். பஸ் முதலாளிகள் எண்பது கேட்கிறார்கள். "யாரும் குறை சொல்ல முடியாத ஒரு நம்பர் வேணும் சார். அத நீங்க அளந்து சொன்னா எல்லாரும் ஒத்துப்பாங்க" என்றாள்.

யாரும் குறை சொல்ல முடியாத எண் என்று ஒன்று உண்டா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் மறுத்துப் பேசத் தெரியவில்லை. சரி என்றுவிட்டேன்.

என் மனைவி ஜெபமணி சிரித்தாள். "மார்க்கெட் ரோட்டத் தாண்ட என் கையப் புடிக்கிற ஆளு. ஒங்களையா ரோட்டுக் கமிட்டில போட்டுருக்காங்க?"

மேல் தொட்டி கழுவியாயிற்று. மிதவை வால்வு ஒழுகுகிறது. பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.


ஜூலை 5, புதன்

வளர்மதியின் ஜீப்பில் விலக்குக்குப் போனோம். கரிசல் காட்டின் நடுவே சாலை ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்ததுபோல் கிடக்கிறது. நான்கு தடம். வளைவு இல்லை, மேடு இல்லை. ஊர் மேற்கே இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் வேன் நிற்பது கிழக்கே. வேலைக்குப் போகும் பெண்கள் காலையிலும் மாலையிலும் சாலையைத் தாண்டியாக வேண்டும்.

அவர்கள் தாண்டுவதைப் பார்த்தேன். தனியாக யாரும் இறங்குவதில்லை. எல்லாரும் சேரும்வரை ஓரத்தில் நிற்கிறார்கள். பிறகு கையோடு கை கோத்து ஒரே சங்கிலியாகிறார்கள். முதலில் நிற்கும் கிழவி இருபுறமும் பார்த்து "வா!" என்று ஓர் அதட்டல் போடுகிறாள். சங்கிலி முழுக்கச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கிழவியின் பெயர் சீனியம்மா.

விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் மாரிக்கனிதான் ஊருக்காகப் பேசுகிறவர். அவர் கணவர் இந்தச் சாலையில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறார். "முப்பதுன்னு ஏற்கெனவே ஒரு போர்டு இருக்கே" என்று நான் கேட்டேன். ஒரு காதணி விழாச் சுவரொட்டி அதில் பாதியை மறைத்திருந்தது.

"இந்த ரோட்டுல முப்பதுல போறது சவ வண்டி ஒண்ணுதான் சார். அதுவும் போகும்போதுதான். எறக்கிட்டுத் திரும்பி வரும்போது அதுவும் பறக்கும்."

வளர்மதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். சாலை ஒரு வேகத்தைச் சொல்கிறது, பலகை வேறொன்றைச் சொல்கிறது. ஓட்டுகிறவன் சாலை சொல்வதைத்தான் கேட்கிறான். நம்ப முடியாத பலகை பலகையே அல்ல. ஆகவே முதலில் வண்டிகள் இப்போது எந்த வேகத்தில் போகின்றன என்று அளக்க வேண்டும். நூற்றில் எண்பத்தைந்து வண்டிகள் எந்த வேகத்துக்குள் அடங்குகின்றனவோ, அதை ஒட்டியே எல்லை வைப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். அந்த வேகம் மனிதர்களுக்கு ஆகாதது என்று தெரிந்தால் பலகையை மாற்றிப் பயனில்லை, சாலையைத்தான் மாற்ற வேண்டும்.

இதை வளர்மதியிடம் சொன்னபோது என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.


ஜூலை 8, சனி

இன்று அளந்தோம். விலக்கின் வேப்பமரத்தடியில் வேகம் அளக்கும் கருவியை முக்காலியில் பொருத்தினார்கள். போக்குவரத்துக் காவலர் இசக்கிராஜ் சீருடையில் அதன் பின்னால் நின்றார். ஜீப் ஓரத்தில் நின்றது. நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆடிக்கு முன்பே காற்று வந்துவிட்டது. எழுதிய தாளில் எல்லாம் கரிசல் தூசி.

எதிர்பார்த்ததைவிட வண்டிகள் ஒழுங்காகப் போயின. ஐம்பது, ஐம்பத்து மூன்று, நாற்பத்தெட்டு. லாரிகள்கூட.

மதியத்துக்குச் சற்று முன் ஒரு வெள்ளைக் கார். சத்தம் வருவதற்குள் போய்விட்டது. இசக்கிராஜ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"நூத்திப் பதினெட்டு! சார், இது காரா ராக்கெட்டா? நம்பர் பாத்தீங்களா?"

"தூசி" என்றேன்.

"பின்னாடி கண்ணாடில செவப்பா ஏதோ ஒட்டியிருந்துச்சு சார். ஆஸ்பத்திரிச் சின்னம் மாரி."

நான் கவனிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு வீடு திரும்பியபோது மகன் ஜெரால்டும் மருமகள் ஷீபாவும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவது அவர்கள் வழக்கம். பக்கத்து வீட்டுப் பூனை காரின் முன்மூடியில் கால் வைத்துப் பார்த்துவிட்டுச் சூடு தாங்காமல் குதித்தது. மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனி என்பதால் பின்கண்ணாடியில் சிவப்புக் கூட்டல் குறி ஒன்று ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் அதன் ஓரம் பிய்ந்திருக்கிறது. புதிதாக ஒட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

கணக்குப் போட்டேன். எண்பத்தைந்து விழுக்காட்டு வேகம் ஐம்பத்தேழு. நூற்றுப் பதினெட்டைக் கருவிப் பிழை என்று நீக்கிவிட்டேன். இத்தனை வண்டிகளில் ஒன்றை நீக்கினாலும் சேர்த்தாலும் விடை மாறாது. இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. ஆகவே நீக்கியதில் தவறில்லை.


ஜூலை 9, ஞாயிறு

ஆராதனைக்கு எல்லாரும் போனோம். வழியெல்லாம் ஜெபமணி பக்கத்து வீட்டு லில்லியிடம் மகனைப் பற்றித்தான் பேசினாள். "மதுரைல கெளம்புறேன்னு போன் பண்ணுவான். நான் அரிசி களைஞ்சு வைக்கதுக்குள்ள வாசல்ல நிப்பான். இவங்க அப்பா மாரி இல்ல எம்புள்ள. பயம்னா என்னன்னு தெரியாது."

ஷீபாவுக்கு ஐந்தாம் மாதம். முகம் வெளுத்திருக்கிறது. நான் பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"மாமா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அவங்ககிட்ட. நான் சொன்னா சிரிக்காங்க. கண்ண மூடிட்டு உக்காந்துக்கன்னு சொல்றாங்க."

விலக்கில் சரியான எல்லை ஒன்றை வைக்கப் போகிறோம், அறிவியல் முறைப்படி அளந்திருக்கிறோம், இனி எல்லாரும் ஒழுங்காகப் போவார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு என் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் மாலையில் கிளம்பினார்கள். வால்வு இன்னும் ஒழுகுகிறது.


ஜூலை 12, புதன்

அறிக்கை எழுதி முடித்தேன். பரிந்துரை: ஐம்பது.

ஐம்பத்தேழு என்பது அந்தச் சாலைக்குக் குறைவாகத்தான் படுகிறது. விடை நாம் விரும்பியதுபோல் வந்தால் மறுபடி சரிபார் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கூட்டலைச் சரிபார்த்தேன். கூட்டல் சரி.


ஜூலை 14, வெள்ளி

கூட்டம். கலெக்டர் இளம்பெண். எல்லாரையும் பேசவிட்டுக் கேட்டார். நான் ஒரே வரியை இரண்டு முறை வாசித்துவிட்டேன். வளர்மதி தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

பஸ் உரிமையாளர் சங்கத்துத் திருவேங்கடம் முதலில் முகம் சுளித்தார். பிறகு, "சரி, பேராசிரியர் அளந்து சொல்றாரு. அம்பதுன்னா அம்பது. டைமிங்கப் பாத்துக்கிடுவோம்" என்று ஒத்துக்கொண்டார். அவர் அவ்வளவு எளிதில் ஒத்துக்கொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாரிக்கனி பின்வரிசையிலிருந்து எழுந்தார். "முப்பதுக்கே நிக்காதவன் அம்பதுக்கு நிப்பானா சார்?"

பெரும்பாலான வண்டிகள் இப்போதே ஐம்பத்தேழுக்குள் போவதால் ஐம்பது என்பது அவர்கள் நம்பக்கூடிய எல்லை என்று விளக்கினேன்.

"யாரு போறா அம்பத்தேழுல? எந்த ரோட்டுல வச்சுப் பாத்தீங்க?" என்றார். சிலர் சிரித்தார்கள். கலெக்டர் சிரிக்கவில்லை. தற்காலிகமாக ஐம்பது என்று பலகை வைப்பது, இருபத்தெட்டாம் தேதிக் கூட்டத்தில் இறுதி செய்வது என்று முடித்தார்.

திரும்பும்போது ஜெபமணிக்குப் பிடிக்கும் என்று காராச்சேவு வாங்கினேன். மாரிக்கனி கேட்டது காதிலேயே நிற்கிறது.


ஜூலை 18, செவ்வாய்

கண் டாக்டரிடம் போக பஸ் ஏறினேன். கூட்டம். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மேல் இடம் கொடுத்தார்கள். எப்போதும் பின்னால்தான் உட்காருவேன். முன்னால் உட்கார்ந்தால் சாலை மேலே வந்து விழுகிறாற்போல் இருக்கும்.

வழியில் எதிரே வந்த லாரி விளக்கை இரண்டு முறை அணைத்து எரித்தது. எங்கள் டிரைவர் உடனே காலைத் தளர்த்தினார். வேகம் இறங்கியது. கொஞ்ச தூரத்தில் போலீஸ் ஜீப். தாண்டியதும், எதிரே வந்த ஒரு வேனுக்கு இவரும் விளக்கைச் சிமிட்டிவிட்டுப் பழையபடி மிதித்தார்.

"எதுக்கு லைட் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"முன்னாடி செக்கிங் இருக்குன்னு அர்த்தம் பெரியவரே. லாரி, பஸ்ஸு, பாலு வண்டி, எல்லாருக்கும் இது பழக்கம். ஒருத்தன ஒருத்தன் காட்டிக் குடுக்க மாட்டோம்." உற்சாகமாகிவிட்டார். "போன வாரத்துக்கு முந்துன சனிக்கெழம கூட வெலக்குல ஸ்பீடு கன்ன நட்டுட்டு நின்னானுக. ரெண்டு மைலுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் மாப்பிள்ளை அழைப்பு மாரிப் போனோம். ஒரு கெழட்டு ஆபீசரு வேற, கொடையப் புடிச்சுக்கிட்டு, பரிட்ச எழுதுத மாரி எழுதிட்டே இருந்தாரு. எழுதுய்யா எழுதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

கண்டக்டரும் முன்வரிசைக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டாக்டரிடம் போகவில்லை. இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நான் அளந்தது வேகத்தை அல்ல. காக்கிச் சட்டைக்கு இருக்கும் மரியாதையை அளந்திருக்கிறேன். அன்று விளக்குச் சிமிட்டலைச் சட்டை செய்யாமல் தன் இயல்பான வேகத்தில் போன வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கும். அதைத்தான் பிழை என்று நீக்கினேன்.


ஜூலை 19, புதன்

வளர்மதிக்கு உடனே சொல்ல வேண்டும். ஃபோனை எடுத்தேன். ஆனால் ஒரு பஸ் டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்துக்கொண்டு அரசாங்க அறிக்கையைத் திரும்பப் பெறுவது முறையா? மறுபடி அளந்து, ஆதாரத்தோடு சொல்வதே முறை. இசக்கிராஜை மட்டும் கூப்பிட்டு நாளை மஃப்டியில் வர முடியுமா என்று கேட்டேன்.

பிளம்பர் வந்தார். வால்வு மாற்றியாயிற்று.


ஜூலை 20, வியாழன்

இசக்கிராஜ் லுங்கியும் தலையில் துண்டுமாக வந்தார். மாரிக்கனியின் கடைக்குள் பன் அடுக்கிய கண்ணாடி ஜாடிகளுக்குப் பின்னால் கருவியை வைத்தோம். "என்ன சார், ஒளிஞ்சு வெளையாடுறீங்க?" என்று மாரிக்கனி கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. சாக்குப் படுதாவைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, "இப்பப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். எண்பத்தொன்பது. தொண்ணூற்று மூன்று. எழுபத்தெட்டு, அது கல் ஏற்றிய லாரி. நூற்று நான்கு. எண்பத்தைந்து விழுக்காட்டு வேகம் தொண்ணூற்றாறு.

இவர்களில் யாரும் கண்மண் தெரியாமல் ஓட்டவில்லை. ஒருவர் டீ குடிக்க நிறுத்தினார். பின் இருக்கையில் பிள்ளைகள். மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவருடைய வேகம் தொண்ணூறு. சாலை அப்படிப் போகச் சொல்கிறது, போகிறார்.

நாங்கள் கருவியைப் பிரித்து வைக்கும்போது நெடுஞ்சாலைத் துறை வண்டி வந்தது. ஆட்கள் குழி தோண்டி, கம்பத்தை நட்டு, கல் போட்டு இடித்தார்கள். சிவப்பு வட்டத்துக்குள் ஐம்பது. புதுப் பலகை பளிச்சென்று இருந்தது. வளர்மதி வந்து, "உங்க போர்டு சார்" என்றாள், சந்தோஷமாக.

வேன் நிறுத்தத்தில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். சீனியம்மா என் அருகே வந்து பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"இனி மெதுவாத்தான வருவானுகய்யா?"

மாரிக்கனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளர்மதியும் பக்கத்தில்தான் இருந்தாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால், அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது. தவிர, இருபத்தெட்டாம் தேதி கூட்டம் இருக்கிறது. அங்கே முறையாக எழுத்தில் வைப்பதே சரி.

"பாத்துத் தாண்டுங்கம்மா" என்றேன்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தீப்பெட்டி மருந்தின் வாசனை என் விரல்களில் இருந்தது. கழுவியும் கொஞ்சம் இருந்தது.


ஜூலை 22, சனி

விலக்கில் யாரோ அடிபட்டுவிட்டதாகப் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். ஏதோ வெள்ளை வண்டியாம். வேறு ஒன்றும் தெரியவில்லை.

ஜெரால்டுக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். குறிப்பான காரணம் இல்லை, எங்கே வருகிறான் என்று கேட்கத்தான்.

ஷீபாவும் எடுக்கவில்லை.

ஜெபமணி, "எதுக்கு இப்பிடி வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கீங்க? மயக்கம் போட்டு விழப் போறீங்க" என்றாள்.

பிறகு எழுதியது:

வந்துவிட்டார்கள். ஜெரால்டு ஃபோனைச் சார்ஜில் போட்டிருந்தானாம். நான் காரைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தேன். முன்பக்கம், விளக்குகள், கண்ணாடி. "என்னப்பா தேடுறீங்க?" என்றான். டயரில் காற்றுக் குறைவாக இருக்கிறது என்றேன்.

பால் வேன். வெள்ளை நிறம். அடிபட்டது சீனியம்மா. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

"அந்த எடத்துல ஒரே கூட்டம்ப்பா. நான் சர்வீஸ் ரோட்டுல சுத்தி வந்துட்டேன்" என்றான் ஜெரால்டு. "இந்தக் கெழவிக திடீர்னு குறுக்க விழுந்தா வண்டிக்காரன் என்ன செய்வான்?"

ஷீபா என்னைப் பார்த்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தேன்.


ஜூலை 24, திங்கள்

நல்லமுத்தன்பட்டிக்குப் போனேன். துக்க வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அதில் உட்காரக் கூச்சமாக இருந்தது. ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சீனியம்மாவின் மகன் எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

மாரிக்கனி பஸ் நிறுத்தம்வரை உடன் வந்தார்.

"போர்டு வச்ச அன்னையிலேர்ந்தே கை கோக்கறத விட்டுட்டாளுக சார். வெக்கமா இருக்கும்ல, சின்னப் புள்ளைக மாரி கையப் புடிச்சுட்டு ஓடுறது. அதான் போர்டு வந்துருச்சே, மெதுவா வருவான், நடந்தே போயிரலாம்னுட்டு. சீனியக்கா வண்டியப் பாத்தா சார். நல்லாப் பாத்தா. தூரத்துலதான வருது, அம்பதுல வருது, தாண்டிரலாம்னு எறங்கிட்டா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஒங்கள ஒண்ணும் சொல்லல. நீங்க நல்ல மனுசன்" என்றார். "ஆனா அன்னைக்கு அந்த இன்ஜினியரம்மா பக்கத்துலதான நின்னாங்க."

பஸ் வந்தது.

அவர்கள் முப்பதை நம்பாததால் உயிரோடு இருந்தார்கள். ஐம்பதை நம்பும்படி நான் எழுதினேன். பலகையை நம்பியது ஓட்டுகிறவர்கள் அல்ல, நடக்கிறவர்கள்.


ஜூலை 25, செவ்வாய்

வளர்மதியின் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அன்றே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போர்ட எடுத்துரச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.


ஜூலை 27, வியாழன்

புது அறிக்கை முடிந்தது. நாற்பது. ஆனால் பலகையால் அல்ல. தடங்களைக் குறுக்கி, நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு திட்டு வைத்து, தாண்டும் இடத்தை மேடாக்கி, அதைக் கண்ட எவனுக்கும் கால் தானாகத் தளரும்படி செய்துவிட்டு, பிறகுதான் நாற்பது என்று எழுத வேண்டும். அதுவரை டிரம்களை வைத்துத் தடத்தைக் குறுக்கலாம்.

நூற்றுப் பதினெட்டைச் சேர்த்திருக்கிறேன்.


ஜூலை 28, வெள்ளி

முதல் அறிக்கை தவறு என்று எழுந்து நின்று சொன்னேன். எப்படித் தவறு என்பதையும், தெரிந்த பிறகும் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். சீனியம்மாவின் பெயரைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கலெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

திருவேங்கடம் எழுந்தார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. அவருடைய டிரைவர்களைத்தான் நான் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "மேடம், மொதல்ல அம்பத்தேழுன்னாரு, இப்ப தொண்ணூத்தாறுங்கிறாரு. நடுவுல நூத்திப் பதினெட்டு வேற. அது மெஷின் கோளாறுன்னு அவரே முந்தி தள்ளிட்டாரு. சரி, நெசம்னே வச்சுக்கிடுவோம். எவனோ ஒரு கோட்டிக்காரன் அப்பிடிப் போனான்னு ரோட்டையே குறுக்கிருவீங்களா? அவனப் புடிச்சு உள்ள போடுங்க. ரோடு என்ன பாவம் செஞ்சுச்சு?"

பலர் தலையசைத்தார்கள். கலெக்டரும் வளர்மதியிடம், "ஒரு சில பேருக்காக இவ்வளவு பெரிய வேலை தேவையா? கண்காணிப்பைக் கூட்டினால் போதாதா?" என்று கேட்டார். வளர்மதி என்னைப் பார்த்தாள்.

நான் உட்கார்ந்துவிட்டிருந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அது கோளாறு இல்ல மேடம். அந்தக் கார எனக்குத் தெரியும். என் மகனோடது."

சுவரோரம் நின்ற இசக்கிராஜ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"அவன் கோட்டிக்காரன் இல்ல. குடிக்க மாட்டான். ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்கு வருவான். அம்மாவுக்குக் கால் வலின்னா ராத்திரி முழுக்க அமுக்கி விடுவான். அன்னைக்கு மாசமா இருக்கிற அவன் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருந்தா. அவள வச்சுக்கிட்டுத்தான் நூத்திப் பதினெட்டுல வந்தான். கெட்டவனா இருந்தாப் புடிச்சுப் போட்டுறலாம் மேடம். நல்லவனுக்கே அந்த ரோடு அப்பிடித் தெரியுதுங்கிறதுதான் சிக்கல். அவன் மேல என்ன கேஸ் போடணுமோ போடுங்க. நம்பர் நான் தாரேன். ஆனா ரோட்டையும் மாத்துங்க."

திருவேங்கடம் கையிலிருந்த தாளை மடித்தார். "எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான் மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு அவர் எதையும் எதிர்க்கவில்லை.

மறுநாளே டிரம்கள். மேட்டுக்கும் திட்டுக்கும் மதிப்பீடு. கலெக்டர் கையெழுத்திட்டார். மாரிக்கனி என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டார். அதுவும் சரிதான்.

வீட்டில் ஜெபமணியிடம் சொன்னேன். "பெத்த புள்ளைய ஊரு முன்னாடிக் காட்டிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்று அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜெரால்டோடு பேச எப்போதும் அவள்தான் ஃபோனைப் போட்டுத் தருவாள். இன்று நானே போட்டேன்.

"அம்மா சொன்னாங்க" என்றான். "ஏன்ப்பா இப்பிடிச் செஞ்சீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். ஷீபா சொல்லச் சொன்னா. எனக்கு ஒன்னக் கண்டாப் பயம்."

"என்னப்பா பேசுறீங்க? எங்கிட்ட என்ன பயம்?"

"நீ சிரிச்சிருவேன்னு பயம்."

வண்டிச் சத்தங்கள் கேட்டன. தெருவில் நின்று பேசுகிறான் போல. "சரிப்பா, அப்புறம் பேசுவோம், வைக்கேன்" என்றான்.

"வைக்காத. நான் இன்னும் முடிக்கல" என்றேன்.

அவன் வைக்கவில்லை.


ஆகஸ்ட் 1, செவ்வாய்

இசக்கிராஜ் அபராதச் சீட்டின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். காப்பி குடிக்கச் சொன்னேன். குடித்தார். ஜெபமணிதான் போட்டு, மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.


ஆகஸ்ட் 5, சனி

காலையில் விலக்குக்குப் போனேன். டிரம்களுக்கு நடுவே வண்டிகள் தட்டுத் தடுமாறி மெதுவாகப் போகின்றன. ஓட்டுகிறவர்கள் திட்டுகிறார்கள். ஒருவர் என்னைப் பார்த்தே திட்டினார். பெண்கள் கையைக் கோத்துக்கொண்டுதான் தாண்டுகிறார்கள். மேடு கட்டி முடியும்வரை விட வேண்டாம் என்று மாரிக்கனி சொல்லிவைத்திருக்கிறாராம். இப்போது "வா!" என்று சொல்வது சீனியம்மாவின் மருமகள். குரல் போதவில்லை.

ஜெரால்டு வர மாட்டான் என்று ஜெபமணி எதுவும் சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மதியம் தாண்டி வெகுநேரம் கழித்துக் கார் வந்து நின்றது. அவன் என்னைப் பார்க்காமல் உள்ளே போய் அம்மாவின் கட்டிலில் படுத்துக்கொண்டான்.

ஷீபா மெதுவாக இறங்கினாள். அவள் பையை வாங்கிக்கொண்டேன். கண்கள் வீங்கியிருந்தன. அழுதிருக்கிறாள் என்று பயந்துபோனேன். உற்றுப் பார்த்தபோது கன்னத்தில் இருக்கையின் தையல் வரி பதிந்திருந்தது.

வழியெல்லாம் தூங்கிவிட்டாளாம்.